நீண்ட இரவும் நிறைகடலும்



கடலில் மீன் பிடிப்பது என்றால் படகேறிப் போவதும் வலை விரிப்பதுமே நம்மவர் மனத்தில் முதலில் தோன்றும். கரையில் நின்றபடியே, அதிலும் இருட்டிய பின்னர், அதிலும் குளிர்காற்று வீசத் தொடங்கிய இலையுதிர் காலத்தில், 12 அடி நீளமுள்ள தூண்டிற்கோல் ஒன்றைக் கூழாங்கற்களின் நடுவே நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மணிக்கணக்காகக் காத்திருப்பானாயின், அவனைப் பித்தன் என்றோ வேலையற்றவன் என்றோ எண்ணுவது இயல்பே. இங்கிலாந்து தேசத்தின் தென்கரையிலும் கீழ்க்கரையிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இப்படிப்பட்ட மனிதர்களை மாலைதோறும் காணலாம். பகலெல்லாம் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்துவிட்டு வருகிறவர்களாதலால் அவர்கள் வேலையற்றவர்கள் அல்லர். பித்தரும் அல்லர் என்பதை என் பேச்சு முடிவதற்குள் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். பகலை விட்டு இரவையும், கோடையை விட்டு இலையுதிர் காலத்தையும் அவர்கள் ஏன் தேர்ந்துகொண்டார்கள் என்பதைச் சொல்வதே இன்று நான் மேற்கொண்ட காரியம். மீன் உண்ணாத அன்பர்கள் சிலரும் இந்த அவையில் இருக்கக் கூடும். பொழுதையும் திதியையும் பற்றிய கணக்காகவே பெரும்பாலும் இது அமையப்போவதால் அவர்கள் எழுந்து போகவேண்டிய அவசியம் நேராது.

முதலில் கடலின் கணக்கைப் பார்ப்போம். நம் சென்னைக் கரையில் நிற்பவனுக்குக் கடல் ஏறுவதும் வற்றுவதும் பெரிதாகத் தோன்றுவதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 1 மீட்டர்தான். ஆங்கிலேயர் நாட்டுக் கரை அப்படிப்பட்டதன்று. டோவர் துறைமுகத்தில் அந்நாட்களில் நீர்மட்டம் ஏறத்தாழ 6 மீட்டர் ஏறி இறங்கும். மேற்கே பிரிஸ்டல் கால்வாயின் தலைப்பகுதியிலோ அது 14 மீட்டரை எட்டுவதும் உண்டு. காலையில் ஒரு மைல் தூரத்துக்கு அப்பால் விலகிக் கிடந்த கடல் பிற்பகலில் ஊர்ச் சுவரை வந்து தொடுகின்ற அத்தகைய கரையில், தரை எது, கடற்படுகை எது என்பது மணிக்கு மணி மாறுகிற விஷயமாகிவிடுகிறது.

இப்படி மாறுகிற நிலப்பகுதிதான் மீனுக்கு உணவுக்களம். நீர் வற்றிய வேளையில் அதன்மேல் நடந்து சென்றால், சுருள் சுருளாகக் குவிந்த மணல் ஆயிரக்கணக்கில் கண்ணில் படும். ஒவ்வொரு சுருளுக்கும் கீழே லக் என்னும் புழு ஒன்று வளைந்த வளையில் கிடந்து, மணலை விழுங்கி, அதிலுள்ள சத்தை உறிஞ்சிக்கொண்டு, எஞ்சியதை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. நண்டுகள் ஓடு கழற்றி மெல்லுடம்போடு ஒளிந்திருப்பதும், பலவகைச் சிப்பிகள் மணலில் புதைந்திருப்பதும் இங்கேதான். தூண்டிற்காரன் தன் இரையை வற்றிய நேரத்தில் இங்கிருந்தே தோண்டி எடுத்துக்கொள்கிறான். நீர் ஏறிய பின் மீனும் அதே இரையைத் தேடி அதே இடத்துக்கு வருகிறது. லக் புழுவில் கறுத்தும் பருத்தும் உள்ள வகையொன்றைத் தனி இனமென்று விஞ்ஞானிகள் பெயரிட்டு அறிவித்தது 1993ஆம் ஆண்டில். கரையிலுள்ள சாமானிய ஜனங்களோ அதற்கு வெகுகாலம் முன்பே இரண்டையும் வேறு வேறாகப் பிரித்து, காட் என்னும் மீனுக்குக் கறுப்புப் புழுவே உகந்தது என்று சொல்லி வந்தார்கள். விஞ்ஞானிகளைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. குளிரில் நின்று தோண்டுகிறவனுக்கு உற்றுநோக்குவதற்கு அவகாசம் அதிகம்.

இனி இரவின் கணக்கு. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிஷம் செல்கிறது. ஆகவே இன்று மாலை 6 மணிக்கு நிறைந்த கடல் நாளை மாலை 6 மணி 50 நிமிஷ அளவில் நிறையும். லண்டன் நகரத்தில் ஜூன் மாதக் கடைசியில் சூரியன் அஸ்தமித்து மறுபடி உதிப்பதற்குள் கழிவது சுமார் 7 மணி 20 நிமிஷமே. அவ்வளவு குறுகிய இரவினுள் நிறைகடல் வந்து அமைவது பல நாட்களில் நடப்பதேயில்லை. அமைந்தாலும், அதிகாலை இரண்டு மணிக்கு நிறைகடல் என்றால், காலையில் வேலைக்குப் போகவேண்டியவன் என்ன செய்வான்? செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமமாகி, அக்டோபர் முதல் வாரத்தில் இரவின் நீளம் அந்த 12 மணி 25 நிமிஷத்தை மிஞ்சிவிடுகிறது. அது முதற்கொண்டு மார்ச் மாதம் வரையில் எந்த இரவை எடுத்துக்கொண்டாலும், அதனுள் ஒரு நிறைகடலாவது அடங்கியே தீரும். இலையுதிர் காலத்தின் பெருமையைப் பற்றித் தூண்டிற்காரர்கள் எவ்வளவோ சொல்வார்கள். மீனைப் பற்றியும் காற்றைப் பற்றியும் அவர்கள் சொல்லும் காரணங்கள் யாவும் உண்மையே. ஆனால் அந்தக் காரணங்களுக்கெல்லாம் அடியில், இரவு கடலின் ஒரு சுற்றைவிட நீண்டுவிடுகிறது என்ற இந்தச் சாதாரணக் கணக்கே கிடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய நமக்கு இன்னொரு விசேஷமும் எளிதில் விளங்கும். சந்திரனின் நிலையும் கடல் நிறையும் மணியும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், ஓர் ஊரில் அமாவாசையை ஒட்டிய நாட்களில் எந்த நேரத்தில் கடல் நிறைகிறதோ, ஏறத்தாழ அதே நேரத்தில்தான் அங்கே ஒவ்வோர் அமாவாசையிலும் நிறையும். திதியைச் சொன்னால் கரைவாசி மணியைச் சொல்லிவிடுவான். கென்ட் மாகாணத்தின் டஞ்சனெஸ் முனையில் அது நள்ளிரவையும் நண்பகலையும் ஒட்டி வருகிறது. ஆகையால் நிலவில்லாத இருளும், மாதத்தின் பெரிய ஏற்றமும், நடுநிசியும் அங்கே ஒன்றுசேர்கின்றன. மேற்கே டார்செட் மாகாணத்தின் போர்ட்லண்ட் பக்கத்திலோ அந்நாட்களின் நிறைகடல் மாலை ஏழு, எட்டு மணிக்கே வந்துவிடும். அங்கே குடும்பஸ்தன் மீன் பிடித்துக்கொண்டு உறங்கும் நேரத்துக்கு வீடு திரும்பலாம். இதற்கு இசைந்தாற்போல அரசாங்கமும் ஓர் உபகாரம் செய்திருக்கிறது: 1916ஆம் ஆண்டில் தொடங்கிய கோடைக்கால நேரச் சட்டத்தின் வழிவந்த விதிப்படி, அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று அந்நாட்டுக் கடிகாரங்களெல்லாம் ஒரு மணி பின்னுக்குத் திருப்பப்படுகின்றன, அன்று மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. சட்டத்தை இயற்றினவர்கள் தூண்டிற்காரனை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள்.

மீனின் பக்கத்துக்கு வருவோம். கடல் நிலத்தைப்போல விரைவில் சூடேறுவதுமில்லை, விரைவில் ஆறுவதுமில்லை. இங்கிலாந்தின் தென்கடல் ஆகஸ்ட்டு இறுதியிலும் செப்டம்பரிலும்தான் தன் உச்ச வெப்பத்தை அடைகிறது. பிப்ரவரி, மார்ச்சில்தான் மிகவும் தணிகிறது. ஆகவே கரையில் இலைகள் பழுத்து உதிரும் வேளையில் நீருக்குள் இன்னும் கோடையின் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தை விடமாட்டாமல், நம் கொடுவாயை ஒருவாறு நினைவூட்டுகிற பாஸ் என்னும் மீன், ஆழ்கடலுக்குச் சென்று முட்டையிடப்போகும் குளிர்காலத்துக்கு முன்னர் வயிறு நிறைய உண்டுகொள்ளும் பொருட்டுக் கரையோரமாகவே திரிகிறது. சோல் என்னும் நாக்கு மீன் வகையும் இன்னும் புறப்பட்டபாடில்லை. போகவேண்டியவை போகாமல் இருக்கும்போதே வரவேண்டியவை வந்து சேருகின்றன: முதலில் வைட்டிங் என்னும் மீன், அதன்பின் குளிரை விரும்பும் காட், இவற்றோடு, நம் சாளையின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்ப்ராட் என்னும் சிறு மீன்கள் கூட்டம் கூட்டமாய்க் கரையை அணைந்து வர, அவற்றைத் துரத்திக்கொண்டு கானாங்கெளுத்தியும் பிறவும் அலையடிக்கும் இடம் வரை வந்துவிடுவதும் உண்டு. கோடை மீனும் குளிர்கால மீனும் ஒரே இரவில் ஒரே தூண்டிலில் அகப்படுவது இந்தச் சில வாரங்களில் மட்டுமே.

இவை ஏன் இருளில் அருகே வருகின்றன? பகலில், முழங்காலளவுத் தெளிந்த நீரில் பெரிய மீன் ஒன்று நுழைந்தால் மேலேயுள்ள பறவைக்கும் பின்னேயுள்ள கடல்நாய்க்கும் அது வெட்டவெளியில் நிற்பதாகவே ஆகும். இருளில் அந்த அச்சமில்லை. மேலும், இவற்றுள் பல கண்ணை மட்டும் நம்பி வாழ்பவையல்ல. காட் மீனின் மோவாயில் தொங்கும் ஒற்றை மீசையானது சுவையறியும் உறுப்பு. அதைத் தரையோடு தடவிக்கொண்டு அது இரையைக் கண்டுகொள்கிறது. நாக்கு மீன் பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடந்து, இருட்டிய பிறகே மேய எழுகிறது. ஆதலால் இருள் மீனுக்குத் தடையன்று, மனிதனுக்குத்தான் தடை. முந்திய தலைமுறையில் தூண்டிற்காரர்கள் நம் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் போலவே காற்றடித்து எரியும் டில்லி என்ற மண்ணெண்ணெய் விளக்கைப் பின்னால் வைத்துக்கொண்டு, அதன் ஒளியில் கோலின் நுனியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு மின்விளக்கு. ஒளி மீனை விரட்டுமா என்பது பற்றி அவர்களுக்குள் ஓயாத வாதம் உண்டு. கரையிலிருந்தே ஆழம் தொடங்குகிற இடத்தில் அதனால் பெரிய தீமை விளையாது. ஆழமற்ற மணற்கரையிலோ நீரின்மேல் விளக்கை அடித்துப் பார்ப்பதைப் போன்ற பேதைமை வேறில்லை என்பேன்.

இவ்வளவு சொன்னபின் கருவிகளைப் பற்றிச் சிறிதளவே சொல்கிறேன். ஏனெனில் அந்தப் பேச்சுக்கு முடிவில்லை. கோல், அதில் பொருத்திய நரம்புச் சுருளி, சுமார் 150 கிராம் எடையுள்ள ஈயம், அந்த ஈயத்தில் மணலைப் பற்றிக்கொள்ளும் கம்பிக் கால்கள், தூண்டில் முள், இரை ஆகியவையே சாமான். வேகமாய் எறிகையில் நரம்பு அறுந்து ஈயம் துப்பாக்கிக் குண்டாகப் பாயாதிருக்கும் பொருட்டு, ஓர் அவுன்ஸ் ஈயத்துக்குப் பத்துப் பவுண்டு என்ற கணக்கில் வலுவுள்ள தடித்த நரம்பை முன்பகுதியில் கட்டுவது கட்டாயமான ஜாக்கிரதை. இரையை எடுத்த மீன் எப்போதும் கோலை வளைக்கும் என்று எண்ணலாகாது: வைட்டிங் நுனியைப் படபடவென்று உதறும், கனத்த காட் அல்லது பாஸ் ஈயத்தையே பெயர்த்துக்கொண்டு கரையை நோக்கி வருமாயின், இறுகி நின்ற நரம்பு திடீரென்று தொய்ந்து விழும். வழக்கம் அறியாதவன் நரம்பு அறுந்ததென்று வருந்திக்கொண்டிருக்கையில், அறிந்தவன் ஓடிப்போய்ச் சுருளியைச் சுற்றுகிறான்.

1960களில் லெஸ்லி மான்கிரீஃப் என்னும் நெடிய உருவமுடைய தூண்டிற்காரர், டஞ்சனெஸ் கரையில் பெரும் பெரும் காட் மீன்களைப் பிடித்துப் புகழ்பெற்றார். உடலைப் பின்னோக்கிச் சாய்த்து முழு வலிமையோடும் எறிகிற அவருடைய முறையைப் பலரும் கற்றுக்கொண்டார்கள். அது முதல் தூரமாக எறிவதே வித்தையின் சாரம் என்ற எண்ணம் பரவிவிட்டது. அவர் நின்ற கரைக்கு அது பொருந்தும்; ஆனால் அவர் நின்ற வேளையையும் காற்றையும் ஓதத்தையும் விட்டுவிட்டு, எறிந்த தூரத்தை மட்டும் பின்பற்றினவர்கள் எத்தனையோ பேர்! இரவில், ஏறுகிற நீரில், பாஸ் மீன் அலை உடைகிற இடத்துக்கு இப்புறமே மேய்ந்துகொண்டிருக்க, அதன் தலைக்கு மேலே நூறு கஜத்துக்கு அப்பால் ஈயத்தை எறிந்துவிட்டுக் கடலில் மீனில்லை என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புவோரே அதிகம்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் நிறைவுபெறாது. இலையுதிர் காலத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து தென்மேற்குப் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. புயலின்போது மீன் பிடிக்க முடியாது. புயல் ஓய்ந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும், அலை தணியத் தொடங்கி நீர் இன்னும் கலங்கியிருக்கையில், மணலிலிருந்து பெயர்த்தெறியப்பட்ட புழுவையும் சிப்பியையும் உண்பதற்கு மீன்கள் கரைக்கு வருகின்றன. ஆகையால் தூண்டிற்காரன் மாலுமிக்கு அடுத்தபடியாக வானிலை அறிக்கையைக் கேட்கிறவன். அந்த அறிக்கை பிறந்த கதையும் ஓர் இலையுதிர்கால இரவோடு சேர்ந்ததே: 1859ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி இரவும் 26ஆம் தேதி விடியலும் அடித்த பெரும்புயலில், மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்குத் தங்கத்தோடும் பிரயாணிகளோடும் திரும்பிய ராயல் சார்ட்டர் என்னும் கப்பல் ஆங்கிள்சீ தீவின் பாறைகளில் மோதி உடைந்து, நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். டார்வினை ஏற்றிச்சென்ற பீகிள் கப்பலின் தலைவராயிருந்து பின்னர் வானிலை இலாகாவை நடத்திய ராபர்ட் ஃபிட்ஸ்ராய், இத்தகைய நாசத்தை முன்கூட்டிச் சொல்லித் தடுக்கலாம் என்று வாதாடி, 1861 பிப்ரவரியில் புயலெச்சரிக்கை முறையைத் தொடங்கினார். இன்றும் கப்பலோட்டிகளுக்கான வானிலை அறிக்கை வானொலியில் டோவர், வைட், போர்ட்லண்ட், பிளிமத் என்று கடற்பகுதிகளைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு போகும். அவற்றுள் ஒன்றுக்கு 2002ஆம் ஆண்டில் ஃபிட்ஸ்ராயின் பெயரையே இட்டார்கள்.

காற்றும் அலையும் எப்படிப்பட்டவை என்பதற்குச் செஸில் கரையைச் சொல்கிறேன். வெஸ்ட் பே என்னும் துறையிலிருந்து போர்ட்லண்ட் வரையில் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூழாங்கல்லாலேயே ஆன கரை அது. மேற்கு முனையில் பட்டாணியளவாயிருக்கும் கற்கள் கிழக்கே போகப்போகப் பெருத்து, போர்ட்லண்டில் கைப்பிடியளவாகிவிடுகின்றன; பழைய காலத்தில் கள்ளச்சரக்கு இறக்கியவர்கள் கும்மிருட்டில் கரையேறினாலும் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தே தாங்கள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அறிந்துகொள்வார்களென்று அவ்வூரார் சொல்வர். நீர் கரையருகிலேயே ஆழமாதலால் தூண்டிற்காரருக்கு அது பேர்பெற்ற இடம். அதே காரணத்தால் அபாயமான இடமும் அதுவே: சரிவான கற்களின்மேல் ஏறிய அலை திரும்புகையில் காலடிக் கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தாமஸ் ஹார்டி தம் கதைகளில் அந்தக் கரையை அடுத்த குடாவுக்கு இறந்தவன் குடா என்று பெயர் வைத்தார். 1824ஆம் ஆண்டு நவம்பர் 22, 23 தேதிகளில் வீசிய புயலில் கடல் அந்தக் கற்கரையைத் தாண்டி விழுந்து, போர்ட்லண்ட் ஓரத்துச் சிஸ்வெல் குடியிருப்பில் வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனதோடு, ஃப்ளீட் என்னும் சிற்றூரின் மாதாகோயிலையும் இடித்துவிட்டது. கடலில் தத்தளிப்போரை மீட்கும் உயிர்காப்புப் படகுச் சங்கம் இங்கிலாந்தில் தோன்றியதும் அதே 1824ஆம் ஆண்டின் மார்ச் மாதத்திலேதான்.

இனி, பாத்தியதையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் ஆற்றங்கரையில் தூண்டில் போடவேண்டுமானால் அரசாங்க அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்குமேல், ஆற்றின் அந்தப் பகுதி எவருக்குச் சொந்தமோ அவருடைய சம்மதமும், பெரும்பாலும் பணமும் வேண்டும். கடலிலோ, சால்மன் முதலிய சில வகைகளும் பழைய விலக்குகள் சிலவும் நீங்கலாக, மீன் பிடிப்பது குடிகள் எல்லாருக்கும் பொதுவான உரிமை. இதன் மூலத்தைச் சட்ட அறிஞர் 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா வரையில் கொண்டுசெல்வர். ஐசக் வால்ட்டன் தம் புகழ்பெற்ற தூண்டில் நூலை 1653இல் வெளியிட்டபோது நதியையும் ஓடையையுமே எண்ணி எழுதினார். கடற்கரைத் தூண்டிலுக்கென்று லண்டனில் ஒரு சங்கம் ஏற்பட்டது 1893ஆம் ஆண்டிலேதான். நதி நிலவுடைமையாளருக்கு உரியதாக இருக்க, கடற்கரை ரயிலேறி வந்த சாமானியருக்கு உரியதாயிற்று. வேலை முடிந்த தொழிலாளி, யாரையும் கேட்காமல், யாருக்கும் காசு கொடுக்காமல், தன் தேசத்தின் எல்லையில் போய் நின்று உணவு தேடலாம் என்பதை நான் அந்நாட்டின் சிறந்த சுதந்திரங்களுள் ஒன்றாகவே மதிக்கிறேன்.

ஆனால் உரிமை இருந்தும் மீன் குறைந்துவிட்டது. மான்கிரீஃபின் காலம் வடகடலில் காட் இனம் அபூர்வமாகப் பெருகிய காலம். அது 1970களின் தொடக்கத்தில் உச்சத்தை அடைந்து, பின்னர் பெரும் கப்பல்களின் மிதமிஞ்சிய மீன்பிடியாலும் கடல்நீர் வெப்பமடைந்து வருவதாலும் இறங்கியது. தென்கரையில் நிற்பவனுக்கு இப்போது காட் மீன் கிடைப்பது அரிதாகிவிட்டது. பாஸ் மீனும் குறையவே, பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளத்தை 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் 36 சென்டிமீட்டரிலிருந்து 42 சென்டிமீட்டராக உயர்த்தினார்கள். பெண் மீன் முட்டையிடும் பருவத்தை எய்துவதற்கு ஐந்து முதல் எட்டு ஆண்டு வரையில் ஆவதால், அதற்குக் குறைவான அளவு நியாயமாகாது. கரையில் நிற்பவனைக் கட்டுப்படுத்துகிற அளவுக்குக் கப்பலைக் கட்டுப்படுத்துவதில்லை என்ற மனக்குறை தூண்டிற்காரர்களுக்குள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

இந்த அவையில் உள்ளவர்களின் மக்களும் மருமக்களும் அந்நாட்டில் படிக்கிறார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள். என் பேச்சைக் கேட்டு அவர்களுக்கு எழுதுவீர்களானால், இவற்றையும் சேர்த்து எழுதுங்கள்: முதல் தடவையே செஸில் கரைக்கு இரவில் தனியாகப் போகவேண்டாம், கென்ட் மாகாணத்து டீல் என்ற ஊரில் 1957ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நீண்ட கடற்பாலம் ஒன்று இருக்கிறது, இரவில் தூண்டில் போட அனுமதிக்கும் நேரங்களை முன்னதாகக் கேட்டறிந்துகொண்டு, ஓத அட்டவணையைப் பார்த்து, புயல் ஓய்ந்த இரண்டாம் நாள், நிறைகடலுக்கு இரண்டு மணி முன்னதாக அங்கே போய் நிற்கட்டும். 42 சென்டிமீட்டருக்குக் குறைந்த பாஸ் மீனைத் திருப்பிக் கடலில் விட்டுவிடவேண்டும். காட் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க இயலாது. நவம்பர் மாதமானால் வைட்டிங் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை.